தடையாணைக்குப் பிறகு: பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் சென்னையின் பாரம்பரியக் காப்பும்

சென்னையில் ஒரு பழங்கட்டடத்தைப் பற்றிய பொதுவிவாதம் பெரும்பாலும் அதன் மீது கடப்பாரை விழுந்த அன்று தொடங்கி, உயர் நீதிமன்றம் தடை விதித்த அன்று முடிந்துவிடுகிறது. நாளிதழ்களில் படங்கள் வருகின்றன, ஆர்வலர்கள் கூடுகிறார்கள், உடைமையாளர் தரப்பில் கட்டடத்தின் ஆபத்தான நிலை எடுத்துரைக்கப்படுகிறது, தடையாணை கிடைத்ததும் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பின் அந்தக் கட்டடம் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்ப்பவர் மிகச் சிலர். இடிப்பதா, காப்பதா என்று இரண்டே விடைகள் உள்ளதுபோலக் கேள்வி எழுப்பப்படுவதால், இடிக்கவும் படாமல் காக்கவும் படாமல் மழைக்கும் வெயிலுக்கும் விடப்படும் கட்டடங்கள் கணக்கிலேயே வருவதில்லை. இந்நகரில் பல கட்டடங்கள் இருப்பது அந்த மூன்றாம் நிலையில்தான் என்பதும், அதற்கு முதற்பொறுப்பு உடைமையாளருடையது, அடுத்த பொறுப்பு தடுக்க மட்டுமே கற்றுக்கொண்ட சட்டத்தினுடையது என்பதும் இச்சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து. அதற்குச் சான்றாக அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில் நிற்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்தக் கட்டடம் 1897இல் கட்டி முடிக்கப்பட்டபோது இதன் பெயர் கார்டில் கட்டடம். டபிள்யூ. ஈ. ஸ்மித் அண்ட் கம்பெனி என்ற மருந்து வணிக நிறுவனம் தன் கடைக்காக எழுப்பிய இதனைப் பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்தார். செங்கற்சிவப்பு, அடுக்கடுக்கான வளைவுகள், நீண்ட தாழ்வாரங்கள், மேலே சிறு குவிமாடங்களைத் தாங்கிய கோபுரங்கள் என அமைந்த அதன் பாணியை இந்தோ-சாரசெனிக் என்பர். முகலாய, இந்துக் கட்டடக்கலைக் கூறுகளை ஐரோப்பியத் திட்ட அமைப்போடு கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் உருவாக்கிய கலப்புப் பாணி அது. உயர் நீதிமன்றம், சென்னை அருங்காட்சியக வளாகத்துக் கட்டடங்கள் போன்ற அரசுக் கட்டடங்களில் மிகுதியாகக் காணப்படும் அந்தப் பாணியை ஒரு மருந்துக் கடைக்காரர் தன் சொந்தச் செலவில் எடுத்தாண்டார் என்பதே கார்டில் கட்டடத்தின் தனித்தன்மை. அரசின் கம்பீரத்தைக் காட்ட எழுந்த பாணி, அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட அண்ணா சாலையில் வாடிக்கையாளரைக் கடைக்குள் இழுக்கவும் பயன்பட்டது.

1934இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் இதனை வாங்கியது. லாகூரில் லாலா ஹர்கிஷன் லால் 1896இல் தொடங்கிய அந்த நிறுவனம் பின்னர் ராமகிருஷ்ண டால்மியாவின் கைக்குப் போயிற்று. அதன் நிதி எவ்வாறு முறைகேடாகத் திருப்பிவிடப்பட்டது என்பதை 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் விரிவாக எடுத்துரைத்தார். டால்மியா பின்னர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமையாக்கும் முடிவை விரைவுபடுத்திய நிகழ்வுகளில் அந்தப் பேச்சுக்கு முதலிடம் உண்டு. 1956 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., பிறந்தது. ஆக, எந்த நிறுவனத்தின் பெயரை இக்கட்டடம் இன்றும் சுமக்கிறதோ, அந்நிறுவனத்தின் முறைகேடே இதன் இன்றைய உடைமையாளர் தோன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று. இந்தியாவின் நிதி வரலாற்றை ஒரு தெருமுனையில் நின்று சொல்ல வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமான முனை சென்னையில் கிடைப்பது அரிது. பாதுகாப்பை வேண்டியவர்களோ குவிமாடங்களின் அழகைப் பற்றியே அதிகம் பேசினார்கள்.

2006இல் எல்.ஐ.சி. இக்கட்டடத்தை இடிக்கத் தொடங்கியது. கலை, பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளை, அதாவது இன்டாக், பொதுநல வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் இடிப்பை நிறுத்தியது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு கட்டடத்தை இடிக்கக் கூடாது என்றதோடு நிற்காமல், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்றும் பணித்தது. இந்த வழக்கில் பெரிதும் துணை நின்ற ஆவணம் எது என்பது கவனிக்கத்தக்கது. நகரெங்கும் முளைத்திருந்த ராட்சத விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில், எந்தெந்தக் கட்டடங்களின் முகப்பைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்று கண்டறிவதற்காக, ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. அக்குழு 467 கட்டடங்களையும் வளாகங்களையும் பட்டியலிட்டது. விளம்பரப் பலகைகளை ஒதுக்குவதற்காகத் தொகுக்கப்பட்ட அந்தப் பட்டியலே, வேறு முழுமையான பட்டியல் இல்லாத நிலையில், சென்னையின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலாக நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறுடைய ஒரு மாநகரம் தன் கட்டடங்களைக் கணக்கெடுத்த வரலாறு இவ்வளவே.

சட்டத்தின் நிலையும் அன்று அதைவிட மேலாக இல்லை. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழக அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் தொல்லியல் நினைவுச் சின்னங்களை, அதாவது கோயில், கோட்டை, கல்வெட்டு, சமாதி போன்றவற்றைக் காப்பதற்காக இயற்றப்பட்டவை. மக்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் கடையையும் அலுவலகத்தையும் அச்சட்டங்களின் வாய்பாட்டில் அடக்க முடியாது. நினைவுச் சின்னம் அப்படியே உறைந்து நிற்க வேண்டும், நகரத்துக் கட்டடமோ பயன்பட்டுக்கொண்டே நிற்க வேண்டும். பம்பாய் 1995இலேயே தன் வளர்ச்சி விதிகளுக்குள் பாரம்பரிய விதியைச் சேர்த்து, கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்து, எந்தத் தரத்தில் எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்று வரையறுத்தது. தமிழகத்தில் மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012இல்தான் நிறைவேறியது. நிறைவேறிய பிறகும் ஆணையம் அமைவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடிக்க வேண்டும் என்போரின் வாதங்களை அவற்றின் முழு வலிமையோடு எடுத்துப் பார்ப்பதே முறை. அவற்றைப் பேராசை என்று தள்ளிவிடுவது ஆர்வலர் தரப்பின் பழைய பலவீனம். முதல் வாதம் நிலமதிப்பு. அண்ணா சாலையில் ஒரு கிரவுண்டு நிலத்தின் மீது அடுக்குமாடி அலுவலகம் எழுப்பினால் கிடைக்கும் வாடகைக்கும், இரண்டு மூன்று தளங்களே உள்ள பழங்கட்டடம் தரும் வருவாய்க்கும் ஒப்பீடே இல்லை. பாலிசிதாரர்களின் பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஒரு கழகம் வருவாய் தராத சொத்தைச் சுமக்கக் கூடாது என்பது கணக்கர் நோக்கில் நியாயமானது. இரண்டாம் வாதம் பாதுகாப்பு: நடைபாதையில் செல்பவரின் தலையில் மேல்முகப்பு பெயர்ந்து விழுந்தால் பொறுப்பேற்கப் போவது உடைமையாளரே தவிர மனுத் தாக்கல் செய்தவர் அல்லர். மூன்றாவது, ஆங்கிலேயர் எழுப்பிய கட்டடத்தைச் சுதந்திர நாடு ஏன் காக்க வேண்டும் என்பது.

இந்த மூன்றாவது வாதம் மேடையில் கைதட்டல் பெறுவது, ஆராய்ந்தால் நிற்காதது. சென்னையின் செந்நிறக் கட்டடங்களின் வரைபடங்களில் ஆங்கிலப் பெயர்கள் இருந்தாலும் அவற்றைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களில் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் போன்றோர் இருந்தனர். விக்டோரியா பொது மண்டபமும் கன்னிமாரா நூலகமும் அவருடைய கைவேலை. அந்த விக்டோரியா மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை நடத்தியது. தமிழ் நாடக மேடையின் நவீன வரலாற்றில் ஒரு பெரும் பகுதி ஒரு பேரரசியின் பெயரைத் தாங்கிய கூரையின் கீழ் நிகழ்ந்தது. ஆர்மீனியன் தெருவின் கோகலே மண்டபமோ அன்னி பெசன்ட் தொடங்கிய இளைஞர் சங்கத்தால் எழுப்பப்பட்டு, சுயாட்சிக் கிளர்ச்சியின் பேச்சுமேடையாக இருந்தது. அதுவும் உடைமையாளராலேயே பாதி இடிக்கப்பட்ட நிலையில்தான் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. காலனியக் கறை இல்லாதது கோகலே மண்டபத்தைக் காப்பாற்றவில்லை என்பதிலிருந்தே, இடிப்புக்கான உண்மைக் காரணம் கறையன்று, கிரவுண்டின் விலை என்பது விளங்கும்.

பாதுகாப்பு குறித்த வாதம் அவ்வாறு தள்ளத்தக்கதன்று. பழங்கட்டடம் ஆபத்தான நிலைக்கு எப்படி வருகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அக்காலத்துச் சென்னைக் கட்டடங்களின் மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறையில் அமைந்தது. சுவருக்குச் சுவர் தேக்கு விட்டங்கள் நெருக்கமாகப் போடப்படும். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி அடுக்குவார்கள். அதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளிக்கப்படும். கடைசியாகத் தட்டோடு பதிக்கப்படும். இரும்பே இல்லாத இந்தத் தளம் நூறாண்டைத் தாண்டி நிற்கக்கூடியது, ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்: மழைநீர் அதன் மீது தேங்கக் கூடாது.

அந்த நிபந்தனை முதலில் முறிவது தண்ணீர்க் குழாயின் வாயில். காய்ந்த இலையும் புறா எச்சமும் குழாயை அடைத்தால் வடகிழக்குப் பருவமழையில் தளத்தின் மேல் நீர் நிற்கிறது. ஓட்டிணைப்பு வழியே இறங்கிய நீர் சுவருக்குள் செருகியிருக்கும் விட்டத்தின் முனையை அடைகிறது. வெளியே தெரியும் மரம் திடமாகவே இருக்க, காற்றுப்படாத அந்த முனை மட்டும் உளுத்துப்போகிறது. பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகளிலிருந்து ஆலும் அரசும் முளைத்து, வேர்கள் சுண்ணாம்புச் சாந்தைத் தேடிச் செங்கல் இடுக்குகளில் இறங்குகின்றன. இதற்கிடையே நல்லெண்ணத்தோடு யாரேனும் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசிவிட்டால் நிலைமை இன்னும் கெடும். சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விடும் இயல்புடையது, சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்து ஈரத்தைச் செங்கல்லுக்குள்ளேயே சிறைவைக்கிறது. இவை ஒன்றும் திடீரென நிகழ்வன அல்ல. குழாயைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பாத ஆண்டு முதல், கட்டடம் குடியிருக்கத் தக்கதன்று என்று பொறியாளர் சான்றளிக்கும் ஆண்டு வரை, பத்துப் பதினைந்து பருவமழைகள் கடந்திருக்கும்.

ஆபத்தான கட்டடத்தை அகற்ற மாநகராட்சிச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. அந்த ஆபத்து எவ்வாறு விளைந்தது என்று அச்சட்டம் கேட்பதில்லை. இடிக்க அனுமதி கிடைக்காத உடைமையாளர், கட்டடத்தைப் பூட்டி வைத்துக் காத்திருந்தாலே போதும், அனுமதி தானாக வந்து சேரும். பல நாடுகளின் பாரம்பரியச் சட்டங்கள் இவ்வகைப் புறக்கணிப்பையும் ஒருவகை இடிப்பாகவே கருதி, குறைந்த அளவுப் பராமரிப்பை உடைமையாளரின் கடமையாக்கியுள்ளன. சென்னையில் தடையாணை கைகளைக் கட்டிப்போட்டது. அந்தக் கைகளை வேலைசெய்ய வைக்கும் ஆணை வரவில்லை. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததும், செடிகள் அதன் கோபுரங்களில் ஏறியதும் இதன் விளைவே. வழக்கில் வென்ற தரப்பு இதை வெற்றி என்று எண்ணியிருந்தால் அது பெருந்தன்மையான கணக்கு என்றே சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு விடை தேடிய நகரங்களுள் நியூயார்க் முன்னோடி. 1963இல் அங்கே பென்சில்வேனியா ரயில் நிலையம் இடிக்கப்பட்டபோது எழுந்த அதிர்ச்சியில் 1965இல் நகரம் தன் பாரம்பரியச் சட்டத்தை இயற்றியது. அடுத்த சோதனை கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு வந்தது. அதன் தலைக்கு மேல் ஐம்பது மாடிகளுக்கும் மேற்பட்ட கோபுரம் ஒன்றை எழுப்ப உடைமையாளரான ரயில்வே நிறுவனம் திட்டமிட்டு, நகரம் மறுக்கவே, தன் சொத்துரிமையை இழப்பீடின்றிப் பறித்துவிட்டதாக வழக்குத் தொடுத்தது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலையம் எந்தப் பணிக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பணியை இன்னும் செய்து வருமானம் தருகிறது என்பது ஒரு காரணம். அதற்கு மேல் கட்டியெழுப்பும் உரிமையை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ள நகரம் இடமளித்திருந்தது என்பது மற்றொரு காரணம்.

மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை எனப்படும் இந்த இரண்டாவது ஏற்பாடு சென்னைக்கு நேரடியாகப் பொருந்துவது. ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று விதி வரையறுப்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்பர். குறியீடு 2 என்றால் பத்தாயிரம் சதுர அடி மனையில் இருபதாயிரம் சதுர அடி கட்டலாம். பழங்கட்டடம் எட்டாயிரம் சதுர அடிதான் இருக்கிறது என்றால் மீதிப் பன்னிரண்டாயிரம் உடைமையாளருக்கு இழப்பு. அந்த மீதியை ஒரு சான்றிதழாக்கி வேறோர் இடத்தில் கட்டுபவருக்கு விற்றுக்கொள்ள அனுமதித்தால், நிலமதிப்பு வாதத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. பம்பாயின் 1995ஆம் ஆண்டு விதியில் இதற்கு இடமுண்டு. இதில் ஒரு சிக்கலும் உண்டு. அரசு எல்லோருக்கும் தளப்பரப்புக் குறியீட்டைத் தாராளமாக உயர்த்திக் கொடுத்துக்கொண்டே போனால் சான்றிதழை விலை கொடுத்து வாங்க ஆளிருக்காது. மேலும் விற்ற பணம் கட்டடத்தைப் பழுதுபார்க்கவே செல்ல வேண்டும் என்ற கட்டு இல்லையென்றால், உடைமையாளர் சான்றிதழையும் விற்றுவிட்டுக் கட்டடத்தையும் பழையபடி பூட்டி வைக்கலாம்.

பணத்தைவிடவும் முதன்மையானது பயன்பாடு என்பதைச் சென்னையின் சொந்த அனுபவமே காட்டுகிறது. கடற்கரைச் சாலையிலுள்ள காவல்துறைத் தலைமை அலுவலகத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்ப 1993இல் அரசு முற்பட்டது; இன்டாக் வழக்குத் தொடுத்து அது நின்றது; பின்னர் கட்டடம் செப்பனிடப்பட்டுக் காவல்துறையே தொடர்ந்து அதில் இயங்குகிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. கூரை போய் வெறும் சுவர்களே நின்றன. இடிந்த சுவரை ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலும், பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் கொத்தனாரும் தேடிப் பிடித்து அதனை மீண்டும் எழுப்பியது; இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடைபெறுகிறது. தீயில் கூரை இழந்த கட்டடத்தைவிட மோசமான நிலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்றுமே இருந்ததில்லை. வேறுபாடு பழுதின் அளவில் இல்லை. உள்ளே வந்து உட்கார ஓர் அமைப்பு ஆயத்தமாக இருந்ததில் இருக்கிறது. ஆள் நடமாடும் கட்டடத்தில் மேல்தளம் ஒழுகினால் அன்றே புகார் எழும். பூட்டிய கட்டடத்தில் ஒழுகுவதைக் கேட்பார் இல்லை.

எதையும் காக்க வேண்டியதில்லை, மாதிரி ஒன்றைச் செய்து வைத்தால் போதும் என்று கருதுவோர் மூர் மார்க்கெட்டைப் போய்ப் பார்க்கலாம். 1900இல் திறக்கப்பட்டு, 1985 மே மாதத் தீயில் அழிந்த அந்தச் சந்தையின் இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. நினைவாகச் சந்தையின் சிறு மாதிரி உருவம் ஒன்று அருகே வைக்கப்பட்டது. பழைய புத்தகம் தேடி நுழைவோருக்கு அந்த மாதிரிக்குள் தலைகூடப் போகாது.

எல்லாப் பழங்கட்டடங்களும் காக்கப்பட வேண்டும் என்பதும் இங்கே முன்வைக்கப்படவில்லை. 467 என்ற பட்டியலைத் தரம் பிரித்து, வெளிமுகப்பு மட்டும் போதுமானவை எவை, உள்ளமைப்பும் தேவைப்படுபவை எவை, ஆவணப்படுத்திவிட்டு விட்டுவிடக்கூடியவை எவை என்று வகுக்காமல் வைத்திருப்பது, உண்மையில் எதையுமே காக்காததற்குச் சமம். அந்த வகைப்பாட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் பின்பகுதியில் உயரமான புதுக்கட்டடத்துக்கு இடம் தந்து, சாலையை நோக்கிய பழம்பகுதியைச் செப்பனிட்டுக் கடைகளுக்கும் அலுவலகத்துக்கும் விடுவது போன்ற ஏற்பாடும் பேசப்படலாம். ஒரே நிறுவனம் இரண்டையும் உடைமையாகக் கொண்டிருப்பதால் பேரம் பேச வேண்டிய தரப்புகள் குறைவு. அதே சாலையில் 1959இல் திறக்கப்பட்ட பதினான்கு மாடிக் கட்டடம் எல்.ஐ.சி.யின் பெருமைக்குரியது, பல பத்தாண்டுகளாகத் திரைப்படங்களில் சென்னை என்பதற்கு அதுவே அடையாளமாகக் காட்டப்பட்டது. அதனை இடித்து இன்னும் உயரமாகக் கட்டலாம் என்று யாரேனும் கணக்குப் போட்டுக் காட்டினால் முதலில் எதிர்ப்பது அக்கழகமாகவே இருக்கும். தன் சொந்தக் கட்டடத்தின் மீது அது வைத்திருக்கும் பற்றுக்கும், மரபாக வந்து சேர்ந்த கட்டடத்தின் மீது காட்டும் பாராமுகத்துக்கும் உள்ள இடைவெளியை எந்த நீதிமன்றமும் ஆணையால் நிரப்ப முடியாது.

ஆயினும் முதற்கட்ட வேலைக்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. சுவர்களில் வேரோடிய ஆல, அரசக் கன்றுகளை வெறுமனே பிடுங்காமல் வேரை மருந்திட்டுக் கொன்று அகற்றுவதும், தண்ணீர்க் குழாய்களின் அடைப்பை எடுப்பதும், கூரை திறந்துவிட்ட பகுதிகளுக்கு மேல் தகரக் கொட்டகை போடுவதும், தளர்ந்த விட்டங்களுக்குக் கீழே முட்டுக் கொடுப்பதும், நடைபாதையை ஒட்டிய முகப்புக்கு வலை கட்டுவதும் ஒரு சாதாரண ஒப்பந்தக்காரர் சில வாரங்களில் முடிக்கக்கூடியவை. இவற்றில் எதையும் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு தடுக்கவில்லை. உடைமையாளர் அக்டோபர் மழைக்கு முன்பாக ஆள் அனுப்பினால் போதும். அனுப்பாவிட்டால் மாநகராட்சியே செய்து முடித்துச் செலவைச் சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கும்படி விதியில் ஒரு பிரிவைச் சேர்ப்பதே சட்டமன்றம் செய்ய வேண்டிய அடுத்த வேலை.